முகத்துவாரத்தைக் காற்று நகர்த்தும் விதம்

நான் பார்த்த ஆறு, அலைச்சத்தம் கேட்கும் தூரம் வரை நேராக வந்துவிட்டு, அப்புறம் சட்டென்று திரும்பிக் கரையை ஒட்டியே ஓடியது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்திட்டு, அவ்வளவுதான். கூட நடந்த மீனவப் பெரியவர், "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப முகத்துவாரம் இங்கதான் தம்பி. காத்து தள்ளிக்கிட்டே போயிருச்சு" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. காற்று பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக வீசினால் அலையும் சாய்வாகவே கரையேறும். திரும்பும் தண்ணீரோ சரிவில் நேராக இறங்கிவிடும். ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. அது முகத்துவாரத்தின் ஒரு கரையை நீட்ட, ஒதுக்கப்பட்ட ஆறு எதிர்க்கரையை அரிக்கும். வெள்ளக் காலத்தில் ஆறு மணலை வெளியே தள்ளும். நீர் குறைந்த மாதங்களில் காற்றின் கைதான் ஓங்கும். அப்போது வாயே அடைபட்டுப்போகும் ஆறுகளும் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றை இப்படித்தான் ஒரு நீண்ட மணல்திட்டு தெற்கே ஒதுக்கி வைத்திருந்தது. 2003 அக்டோபரில் செயின்ட் லூயி நகரை வெள்ளத்திலிருந்து காக்க அதில் 4 மீட்டர் அகல வாய்க்கால் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் அது ஒரு கிலோமீட்டரையும் தாண்டி அகன்றது, பழைய முகத்துவாரம் அடைபட்டது. திட்டைத் தொடுமுன் காற்றையும் அலையையும் பல பருவங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

---

அண்ணா, மேலே நீங்கள் கடல் பக்கம் சொன்னீர்கள், நான் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தின் உள்ளே கண்டதைச் சொல்கிறேன். அகலமான கழிமுகம் அது. காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. மதியம் காற்று எழுந்ததும் குட்டி அலைகள் கிளம்பி, ஆழமில்லாத இடத்துச் சேற்றைக் கலக்கிவிட்டன. காற்று மோதும் கரை செங்குத்தாக அரிபட்டு வேர்கள் தொங்கின. மறைவான கரையிலோ சேறு படிந்து புல் முளைத்திருந்தது. கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது காற்றும் கடலிலிருந்து உள்ளே வீசினால் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறி, அரிப்பும் கூடுதலாகிறது.

காற்றின் திசை மாறும் பருவத்தில் மணல் எதிர்ப்பக்கம் திரும்பி வருவதை யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.