ரெக்கார்டர் இல்லாத இரட்டை எஞ்சின் விமானம், டேக்-ஆஃப் ஆனதும் இடது எஞ்சின் போச்சு: சிதைவை வைத்து எப்படி நிரூபிப்பது?

ஏரோ_மாணவன்:
விபத்து விசாரணைப் பாடத்துக்கு ஒரு மாதிரி வழக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆறு இருக்கை, இரண்டு பிஸ்டன் எஞ்சின், மூன்று பிளேடு புரொப்பெல்லர். தரையை விட்டுக் கிளம்பி சுமார் 300 அடியில் "இடது எஞ்சின் போய்விட்டது" என்று விமானி ரேடியோவில் சொல்கிறார். அடுத்த சில விநாடிகளில் விமானம் இடப்பக்கம் உருண்டு, மூக்கு கவிழ்ந்து விழுகிறது. பின்பகுதி எரியவில்லை, நடுப்பகுதியும் இடது இறக்கையும் எரிந்துவிட்டன. ஃப்ளைட் ரெக்கார்டர் கிடையாது. காக்பிட்டில் இடது மிக்ஸ்சர் லீவர் (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது) முழுக்கப் பின்னால், அதாவது எரிபொருளை நிறுத்தும் நிலையில் இருக்கிறது. இரண்டு புரொப்பெல்லரும் வளைந்திருக்கின்றன.

இடது எஞ்சின் உண்மையிலேயே நின்றதா என்று எதை வைத்துச் சொல்வது? லீவர் இருந்த இடத்தை நம்பலாமா? எஞ்சினைப் பிரித்துப் பார்த்து ஒரு கோளாறும் கிடைக்காவிட்டால் அறிக்கையில் என்ன எழுதுவது?

சிதைவு_வாசகன்:
முதலில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். "எஞ்சின் நின்றதா" என்பதை நேரடியாக நிரூபிக்க முடியாது. தரையில் மோதிய கணத்தில் ஒவ்வொரு எஞ்சினும் சக்தி கொடுத்துக்கொண்டிருந்ததா என்பதை நிரூபிக்கலாம். வலது எஞ்சினையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அது முழு சக்தியில் இருந்தது என்று தெரிந்தால்தான் இடதின் தடயத்துக்குப் பொருள் வரும்.

லீவரை நம்பாதீர்கள். மோதலில் எஞ்சின் தன் மவுண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும்போது கட்டுப்பாட்டு கேபிள்களையும் இழுத்துக்கொண்டு போகும். லீவர் எந்தப் பக்கமும் நகர்ந்திருக்கலாம். மீட்புப் படையினரின் கையோ காலோ பட்டிருக்கலாம். எஞ்சின் பக்கத்தில் மிக்ஸ்சர் ஆர்ம் எந்தக் கோணத்தில் நின்றது, கேபிள் எங்கே அறுந்தது, லீவர் ஓடும் பள்ளத்தில் மோதல் கீறல் எங்கே என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரும் என்று தேர்ந்தெடுக்கும் ஃபியூயல் செலக்டருக்கும் இதே விதிதான். கைப்பிடியைப் பார்த்து எழுதக் கூடாது. வால்வையே திறந்து எந்த வழி திறந்திருந்தது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது புரொப்பெல்லர். இந்த வழக்கில் அதிகம் பேசப்போவது அதுதான். சக்தியோடு சுழன்ற பிளேடில் முன்விளிம்பில் வெட்டுக்காயங்கள், அகலவாக்கில் கீறல்கள், நுனி உடைந்து போயிருப்பது, பிளேடு எஸ் வடிவில் வளைந்து முறுக்கியிருப்பது எல்லாம் சேர்ந்து தெரியும். கிராங்க்ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் அருகே உடைந்திருந்தால், முறுக்கலில் உடைந்த முகம் சுமார் 45 பாகையில் சுருண்டு போகும். சக்தி இல்லாத பிளேடு பெரும்பாலும் பின்னோக்கி மட்டும் மடங்கும். கீறல்கள் நீளவாக்கில் இருக்கும். ஒரு பிளேடு காயமே இல்லாமல்கூட இருக்கலாம். ஆகவே "இரண்டும் வளைந்திருக்கின்றன" என்ற வரி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பிளேடுக்கும் எண் கொடுத்து, தனித்தனியாகப் படம் எடுத்து விவரியுங்கள்.

பிறகு பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பாகமான ஹப்பைப் பிரியுங்கள். மோதும் கணத்தில் பிளேடின் அடிப்பகுதி ஹப்பில் இடித்து ஒரு தழும்பு விடும். அதிலிருந்து அந்தக் கணத்தின் பிளேடு கோணம் கிடைக்கும். காற்றுக்கு இணையாகத் திரும்பிய ஃபெதர் நிலை 80 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும், பிளேடு தட்டையாக இருக்கும் தாழ் பிட்ச் பத்துப் பதினைந்து பாகையில் நிற்கும். குழப்பிக்கொள்ளவே முடியாத வித்தியாசம். இந்த வகை புரொப்பெல்லர்களில் ஆயில் அழுத்தம் பிளேடைத் தாழ் பிட்சுக்குத் தள்ளும். ஸ்பிரிங், நைட்ரஜன் அழுத்தம், எதிர்எடைகள் எல்லாம் ஃபெதர் பக்கம் இழுக்கும். சுற்று சுமார் 700 முதல் 1000க்குக் கீழே விழுந்துவிட்டால் ஒரு பூட்டு ஊசி விழுந்து ஃபெதர் ஆகாமல் தடுத்துவிடும். தரையில் எஞ்சினை அணைக்கும்போது பயன்படும் ஏற்பாடு அது. எஞ்சின் திடீரென்று இறுகி நின்றிருந்தால், விமானி சரியாகவே புரொப்பெல்லர் லீவரை இழுத்திருந்தாலும் ஃபெதர் ஆகியிருக்காது. அந்த ஊசியின் நிலையையும் குறித்துவையுங்கள்.

தரையில் பிளேடு வெட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தால் அளந்து எடுங்கள். 2700 சுற்றில் மூன்று பிளேடு என்றால் விநாடிக்கு 135 வெட்டு. 90 நாட் வேகம் என்றால் விநாடிக்கு 46 மீட்டர். அப்படியானால் வெட்டுக்கு வெட்டு சுமார் 34 செ.மீ. இடைவெளி 69 செ.மீ என்றால் சுற்று பாதிதான். மூக்கு கவிழ்ந்து செங்குத்தாக விழுந்திருந்தால் இந்த வரிசை கிடைக்காது. அப்போது இந்தக் கணக்கைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஸ்பெக்ட்ரம்:
மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. சுற்று எண்ணிக்கை வேறு, சக்தி வேறு. கவர்னர் (சுற்றை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) உள்ள புரொப்பெல்லரில் எஞ்சின் செத்தாலும், காற்றே அதைச் சுழற்றும். கவர்னர் பிளேடைத் தட்டையாக்கி சுற்றைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்கும். வேகம் போதுமான அளவு இருக்கும்வரை டாக்கோமீட்டரில் பெரிய மாற்றமே தெரியாது. மானிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தமும் அப்படித்தான், நின்ற எஞ்சினில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிக் காட்டும். இந்த இரண்டு கருவியையும் பார்த்து எந்த எஞ்சின் போனது என்று விமானியால் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம். எரிபொருள் ஓட்டமும் புகைபோக்கி வெப்பநிலையும்தான் உண்மையைச் சொல்லும்.

அதனால்தான் ரெக்கார்டர் இல்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எஞ்சின் மானிட்டர் பொருத்தியிருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பநிலையும் எரிபொருள் ஓட்டமும் சில விநாடிக்கு ஒருமுறை அதன் நினைவகச் சில்லில் பதிவாகியிருக்கும். பெட்டி கருகியிருந்தாலும் பல நேரம் சில்லைக் கழற்றிப் படித்துவிடலாம். கிடைத்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஜிபிஎஸ், டேப்லெட், கைபேசிகள், ஏடிஎஸ்-பி (விமானம் தன் இடத்தையும் வேகத்தையும் தானே ஒலிபரப்பும் முறை) பதிவு எல்லாவற்றையும் சேருங்கள்.

ஒலியை மறக்காதீர்கள். கோபுரத்தின் ரேடியோ பதிவில் விமானி பேசும்போது பின்னணியில் புரொப்பெல்லர் ஒலி இருக்கும். விமான நிலையக் கேமராவிலோ யாராவது எடுத்த வீடியோவிலோ ஒலி இருந்தால் இன்னும் நல்லது. மூன்று பிளேடு, 2700 சுற்று என்றால் அடிப்படை அதிர்வெண் 135 ஹெர்ட்ஸ். இரண்டு எஞ்சின் கொஞ்சம் வேறுபட்ட சுற்றில் ஓடினால் ஸ்பெக்ட்ரத்தில் இரண்டு கோடு தெரியும். ஒன்று சரியத் தொடங்கும் நேரத்தை ரேடியோ அழைப்போடு பொருத்திப் பாருங்கள். வெளியிலிருந்து எடுத்த பதிவு என்றால் டாப்ளர் திருத்தம் போட வேண்டும்.

கிராங்க்கேஸ்:
எஞ்சின், எரிபொருள் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எரிபொருளில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். விபத்துச் செய்தி வந்த உடனே எரிபொருள் நிரப்பிய லாரியை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். அதிலிருந்தும் சேமிப்புத் தொட்டியிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். அதே லாரியில் நிரப்பிய மற்ற விமானங்களையும் எச்சரிக்க வேண்டும். சிதைவில் எரிபொருள் மிஞ்சாமல் போவது சாதாரணம். 2025 ஜூன் 12 அன்று நடந்த அகமதாபாத் 787 விபத்தின் முதற்கட்ட அறிக்கையைப் பாருங்கள். நிரப்பப் பயன்பட்ட லாரி, தொட்டி மாதிரிகள் சோதனையில் திருப்தியாக இருந்தன. விமானத்திலிருந்தோ ஏபியு (துணை மின்சக்தி எஞ்சின்) ஃபில்டரிலும் இடது இறக்கையின் ஒரு வால்விலும் மிகச் சிறிதளவே கிடைத்தது.

பிஸ்டன் எஞ்சினுக்கு ஜெட் எரிபொருள் ஊற்றிவிடுவது உலகம் முழுக்க நடந்திருக்கும் தவறு. 100எல்எல் பெட்ரோல் நீலமாக இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் ஆவியாகிப் போய்விடும். ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் நிற்கும். தரையில் ஓடும்வரை லைனில் இருக்கும் பழைய பெட்ரோல் எஞ்சினை ஏமாற்றி ஓட்டும், டேக்-ஆஃப் சக்தியில் வெடிப்பெரிதல் ஆரம்பிக்கும். பிஸ்டன் தலை உருகியும் துளை விழுந்தும் இருந்தால் உடனே இந்தத் திசையில் பாருங்கள். ஆனால் அப்போது வலது எஞ்சினும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஒரு டேங்க், ஒரு வென்ட், ஒரு வால்வு என்று தேட வேண்டும்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாளாவது அதைச் சுற்றி வந்து பாருங்கள். கிராங்க்கேஸில் ஓட்டை இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். கனெக்டிங் ராட் ஓட்டத்தில் உடைந்திருந்தால் உடைந்த துண்டு பல தடவை இடித்து விளிம்பு நசுங்கி மழுங்கியிருக்கும், உள்ளே உலோகத் தூள் பரவியிருக்கும். பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பற்றாக்குறை. கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் வரிபோல் உடைந்த முகத்தில் வரிகள் தெரிந்தால் சோர்வு முறிவு, அது பறப்பதற்கு முன்பே பல மணி நேரமாக வளர்ந்திருக்கிறது. உடைந்த இரண்டு முகங்களையும் பொருந்துகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்க்கவே கூடாது. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், விரலும் வேண்டாம். நுண்ணோக்கிக்குப் போகும் தடயம் அதில்தான் இருக்கிறது.

முழுசாகச் சுற்றும் எஞ்சின் என்றால் மேல்வரிசை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கையால் சுழற்றி எல்லா சிலிண்டரிலும் கட்டைவிரல் வைத்து அழுத்தம் வருகிறதா, வால்வுகள் அசைகின்றனவா, பின்பக்க கியர்கள் வரை சுழற்சி போகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் சுழற்றி எல்லா வயரிலும் பொறி வருகிறதா பாருங்கள். தீயில் வெந்த மேக்னெட்டோ பொறி கொடுக்கவில்லை என்றால் அது ஒன்றையும் நிரூபிக்காது.

ஏரோ_மாணவன்:
மிக்க நன்றி ஐயா. இடது எஞ்சினில் இத்தனையும் சரியாக இருந்துவிட்டால்? அப்புறம், வலது எஞ்சின் முழு சக்தியில் இருந்தது என்றால் விமானம் ஏன் உருண்டு விழுந்தது?

கிராங்க்கேஸ்:
கோளாறு கிடைக்கவில்லை என்றால் தடயம் விடாத காரணங்களைத் தேட வேண்டிய நேரம். கார்புரேட்டர் இருந்தால் அன்றைய வெப்பநிலை, பனிநிலை இரண்டையும் ஐசிங் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், முழு திராட்டிலில் வாய்ப்பு குறைவு என்பதையும் எழுதுங்கள். இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் துணை எரிபொருள் பம்ப் சுவிட்ச். சில கான்டினென்டல் எஞ்சின்களில் எஞ்சின் பம்ப் நன்றாக ஓடும்போது மின்பம்ப்பை ஹை-யில் போட்டால் எரிபொருள் அதிகமாகி எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். டர்போ இருந்தால் இண்டக்ஷன் ஹோஸ் கிளாம்ப் கழன்றதா என்று பாருங்கள். காற்று போய்விட்டால் கலவை அளவுக்கு மீறிச் செறிவாகிவிடும். தீயில் ஹோஸ் எரிந்தாலும் கிளாம்ப் இறுகியிருந்ததா, நழுவியிருந்ததா என்று தெரியும்.

கடைசியாகப் பராமரிப்பில் எதைத் தொட்டார்கள் என்று லாக்புக்கில் பின்னோக்கிப் படியுங்கள். ஒரு குழாய் இணைப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்த இணைப்பில் இருந்து ஆரம்பியுங்கள். அறிக்கையில் "சக்தி இழந்ததற்கான காரணம் தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதுவதில் தவறில்லை. "எஞ்சின் நன்றாக இருந்தது" என்று எழுதுவது தவறு. இரண்டும் ஒன்றல்ல.

நீலக்கோடு:
உங்கள் இரண்டாவது கேள்விதான் விபத்தின் மையம். சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் பாதி சக்தி போனால் ஏறும் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அமெரிக்காவின் பழைய 23ஆம் பகுதி விதிப்படி, 6000 பவுண்டு வரை எடையும் 61 நாட் வரை ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம்) உள்ள விமானங்கள் ஒரே எஞ்சினில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. கியர் (தரையிறங்கும் சக்கரங்கள்) இறங்கியிருந்து, இடது புரொப்பெல்லர் ஃபெதர் ஆகாமல் காற்றில் சுழன்றிருந்தால் ஏறவே ஏறாது. மூக்கைத் தூக்கிப் பிடித்தால் வேகம் விழும். வேகம், குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகத்துக்குக் கீழே போனதும் ரடரால் வலது எஞ்சினின் தள்ளலைச் சமாளிக்க முடியாது, செத்த எஞ்சின் பக்கம் உருளும். உங்கள் வழக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதற்காக எழுதிவிடாதீர்கள், அளந்து காட்டுங்கள்.

கியரின் நிலையை ஆக்சுவேட்டரில் பாருங்கள். ஃபிளாப் ஜாக்-ஸ்குரூவில் வெளியே தெரியும் மரைகளின் நீளத்தை அளந்து தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஃபிளாப் எத்தனை பாகை என்று கிடைக்கும். ரடர் டிரிம்மும் அதே முறை. எடையும் ஈர்ப்பு மையமும் கணக்கிட்டு, அந்த வெப்பநிலையில், அந்த உயரத்தில் கையேடு என்ன ஏறும் வீதம் தருகிறது என்று போடுங்கள். அதிலிருந்து கியர், சுழலும் புரொப்பெல்லர் இரண்டின் இழப்பையும் கழியுங்கள். ஏடிஎஸ்-பி தரும் தரைவேகத்தைக் காற்று திருத்தம் செய்துதான் நீலக்கோடு (ஒரே எஞ்சினில் சிறப்பாக ஏறும் வேகம்), சிவப்புக்கோடு (குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம்) வேகங்களோடு ஒப்பிட வேண்டும்.

தவறான எஞ்சினை அணைத்தாரா என்பதையும் விலக்கியாக வேண்டும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 கிளம்பிய சற்று நேரத்தில் இரண்டாம் எண் எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. தானியங்கி ஃபெதர் பெட்டிக்குள் இருந்த பழுதான சால்டர் இணைப்பு அதற்குக் காரணம். கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எஞ்சினை அணைத்துவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். ரேடியோவில் "இடது" என்று சொன்னது விமானி நம்பியதற்கான சான்று, எஞ்சினுக்கான சான்று அல்ல. உங்கள் வழக்கில் விமானம் இடப்பக்கம் உருண்டது, வலது ஹப்பில் தாழ் பிட்ச் தழும்பு, ஒலியில் ஒரு கோடு மட்டும் சரிவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தச் சந்தேகத்தை மூடிவிடலாம்.

சிதைவு_வாசகன்:
ஒன்று விட்டுப்போயிற்று. சிதைவு கிடக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். டேக்-ஆஃப் ஓட்டம் தொடங்கிய புள்ளியிலிருந்து ரன்வே முழுவதையும், அதற்கப்பால் விழுந்த இடம் வரையும் நடந்து பாருங்கள். டேங்க் மூடி, கௌல் துண்டு, ஆயில் கோடு, பறவை இறகு எல்லாம் அங்கேதான் கிடக்கும். ரன்வேயைத் திறக்க அவசரப்படுவார்கள், துப்புரவு வண்டி ஓடுவதற்கு முன் நடந்துவிட வேண்டும். வண்டி ஏற்கனவே ஓடிவிட்டது என்றால் அதன் குப்பைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, சல்லடையில் போட்டுத் தேடுங்கள்.