12 பேருக்கு, 2 நாள் முன்பே செய்து வைக்க, செலவு குறைந்த இனிப்பு எது?

கேட்டவர்: விருந்துச்சாவி

தோழிகளே, சனிக்கிழமை இரவு 12 பேர் சாப்பிட வருகிறார்கள். அன்றைக்கு அடுப்பு முழுக்கச் சமையலுக்கே சரியாக இருக்கும். இனிப்பை மட்டும் வியாழன் இரவோ வெள்ளியோ முடித்து வைத்துவிட வேண்டும். ஓவன் கிடையாது. ஃப்ரிட்ஜில் ஒரு தட்டுதான் காலி. 4 பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். க்ரீம், முந்திரி, நல்ல சாக்லேட் என்று போனால் பட்ஜெட் தாங்காது. கேரமல் கஸ்டர்ட் செய்யலாமா? ஆவியில் வேகவைத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வருகிறதே, அது ஏன்?

பதில்: நிதானத்தீ

கேரமல் கஸ்டர்ட் சரியான தேர்வு. முந்தின நாளே செய்தால்தான் நன்றாக இருக்கும் இனிப்பு அது. அடியில் இறுகிய கேரமல், கஸ்டர்டின் ஈரத்தில் மெல்லக் கரைந்துதான் சாறாகிறது. அதற்குக் குறைந்தது 8 மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பாதி கேரமல் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

முட்டை சாப்பிடும் 8 பேருக்கு: பால் 650 மில்லி, முட்டை 6, சர்க்கரை 120 கிராம், வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி. கேரமலுக்குத் தனியாகச் சர்க்கரை 130 கிராம், தண்ணீர் 3 மேஜைக்கரண்டி. 150 மில்லி கொள்ளும் 8 ஸ்டீல் கிண்ணங்கள் போதும்.

கேரமல் காய்ச்சும்போது சர்க்கரை கரையும் வரைதான் கிளறலாம். அதன்பின் கரண்டியே போடக் கூடாது, பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள். கிளறினால் ஓரத்தில் சர்க்கரை மறுபடி மணல் போல உறையும். தேன் நிறத்தில் இறக்கிவிடாதீர்கள், அதில் வெறும் தித்திப்புதான் இருக்கும். செம்பழுப்பாகி, முதல் புகை இழை மேலே வரும்போது அடுப்பை அணையுங்கள். அந்த லேசான கசப்புதான் பால் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. உடனே 2 மேஜைக்கரண்டி சுடுநீர் விடுங்கள். தெறிக்கும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்கு 2 தேக்கரண்டி வீதம் ஊற்றுங்கள்.

இனி ஓட்டை விஷயம். காரணம் இரண்டு. முதலாவது, முட்டையை நுரைக்க அடிப்பது. முட்டையை முள்கரண்டியால் உடைத்துக் கலந்தால் போதும். சர்க்கரை கரைந்த வெதுவெதுப்பான பாலை அதில் ஊற்றி வடிகட்டி, 10 நிமிடம் வைத்து, மேலே நிற்கும் நுரையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, அதிகச் சூடு. கஸ்டர்ட் 80 டிகிரி செல்சியஸை ஒட்டியே உறைந்துவிடும். 85-ஐத் தாண்டினால் முட்டைப் புரதம் இறுகி நீரை வெளியே தள்ளும். உங்கள் ஓட்டைகள் அங்கேதான் உருவாகின்றன. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, அடியில் சின்னக் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தால் சரி. கிண்ணங்களை ஃபாயிலால் மூடுங்கள். பானை மூடியை ஒரு கரண்டி கொடுத்துச் சற்றுத் திறந்தாற்போல வையுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். கிண்ணத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள்: ஓரம் நின்று, நடுவில் நாணய அளவு மட்டும் ததும்பினால் எடுத்துவிடலாம். மீதி, உள்ளே இருக்கும் சூட்டிலேயே உறையும்.

வியாழன் இரவு செய்தால் சனிக்கிழமை வரை தாங்கும். பரிமாறும்போது விளிம்பில் கத்தியை ஒரு சுற்று விட்டுக் கவிழ்த்தால் வந்துவிடும்.

பதில்: பால்சட்டி

நிதானத்தீ சொன்ன கஸ்டர்ட் அருமையானதுதான். ஆனா 8 பேருக்கு ஒண்ணு, 4 பேருக்கு வேற ஒண்ணுன்னா வேலை ரெட்டிப்பு. ஒரே தட்டுதான் காலின்னு வேற சொல்றீங்க. நானா இருந்தா 12 பேருக்கும் முட்டையில்லாத கோகோ புட்டிங்தான் செய்வேன்.

பால் 1.25 லிட்டர், கார்ன்ஃப்ளார் 70 கிராம், சர்க்கரை 150 கிராம், கோகோ பவுடர் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில வெண்ணெய் 25 கிராம். இது கரண்டியால எடுத்துச் சாப்பிடற பதம். கவிழ்த்துத் தட்டில் நிக்கணும்னா கார்ன்ஃப்ளாரை 90 கிராமாக்குங்க.

கோகோவை நேரா பாலில் கொட்டினா கட்டி தட்டிடும். சர்க்கரையோட உலர்வா கலந்துட்டு, கார்ன்ஃப்ளாரும் சேர்த்து, 250 மில்லி ஆறின பாலில் கரைச்சு, மீதிப் பால் சூடானதும் ஊத்திக் கிளறுங்க. முதல் கொப்பளம் வந்ததும் நிறுத்திடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அதுக்கப்புறம் சிறு தீயில 2 நிமிஷம் கொதிக்கணும். இல்லேன்னா மாவு வாசனை போகாது, பதமும் நிக்காது. கரண்டியால அடியை இழுத்தா பாத்திரத்தோட அடி ஒரு நொடி தெரிஞ்சு மூடணும். சூட்டில ருசி பார்க்கும்போது சர்க்கரை ஒரு பிடி தூக்கலா இருக்கட்டும், குளிர்ந்தா தித்திப்பு குறைவாத் தெரியும்.

டம்ளர்கள்ல முக்கால் அளவு ஊத்தி, ஆடை படியாம இருக்க பிளாஸ்டிக் தாளை புட்டிங் மேலேயே ஒட்டற மாதிரி போடுங்க. டம்ளர்களைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி ஆற வச்சு, 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். 6 டம்ளர் கீழே, அது மேல தட்டையான ட்ரே, அதுக்கு மேல 6 டம்ளர். இடம் போதும். எல்லாத்தையும் இறுக்க மூடுங்க. நறுக்கின வெங்காயம் உள்ளே இருந்தா பால் இனிப்பு அந்த வாசனையை இழுத்துக்கும்.

விருந்துச்சாவி

ரொம்ப நன்றி. புட்டிங்கையே முடிவு பண்ணிட்டேன். ஃப்ரீசரில் இடம் இருக்கிறது, புட்டிங்கை அங்கே வைக்கலாமா? மேலே பழம் எப்போது போடுவது? கடல்பாசி (சைனா கிராஸ்) ஜெல்லியும் யோசித்தேன்.

பதில்: நிதானத்தீ

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். உறைந்து இளகியதும் கார்ன்ஃப்ளார் நீரைக் கக்கிவிடும், புட்டிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பழத்தைப் பரிமாற ஒரு மணி நேரம் முன்பு நறுக்கினால் போதும், அதற்கு முன் வேண்டாம். வாழைப்பழத்துக்கு எலுமிச்சைச் சாறு தடவுங்கள், கறுப்பது தள்ளிப்போகும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் 100 கிராம் பிஸ்கட்டை நொறுக்கி, 30 கிராம் வெண்ணெயில் சிவக்க வறுத்து, ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியிலேயே வையுங்கள். தட்டில் வைக்கும்போதுதான் தூவ வேண்டும், முன்னாலேயே தூவினால் நமத்துவிடும்.

கடல்பாசி நல்லதுதான், ஆனால் வெள்ளிக்கிழமை செய்யுங்கள். இரண்டாம் நாள் நீர் விடத் தொடங்கும். 1 லிட்டருக்கு 10 கிராம் இழை. அரை மணி ஊறவைத்து, கண்ணுக்கு இழையே தெரியாத அளவுக்குக் கொதிக்கவிட்டு, சூடான பாலில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் அங்கங்கே நூல் நூலாக உறைந்துவிடும். அப்படி ஆனாலும் கொட்ட வேண்டாம், மறுபடி கொதிக்க வைத்தால் கரைந்துவிடும். ஜெலட்டின் போட்ட ஜெல்லியில் வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ போட்டால் உறையவே உறையாது, கடல்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை.