மன்னார்குடியில சின்ன புத்தகக் கடை: 31 ராத்திரி தொறக்கலாமா, போர்டுல எந்தப் புத்தகத்த எழுதலாம்?

தெப்பக்குளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப ஒரு யோசனை வேணும். மன்னார்குடியில எங்களுக்கு ஒரு சின்ன கடை இருக்கு, அப்பா காலத்துல நோட்டு, கைடு, ஜியாமெட்ரி பாக்ஸ், கலர் பேப்பர்னு ஓடுன கடை. நான் உக்காந்தப்புறம் ஒரு பக்கச் சுவர் முழுக்க கதை, கட்டுரை, சின்னப் புள்ளைங்க புத்தகம்னு அடுக்க ஆரம்பிச்சேன். உண்மையச் சொன்னா வாடகைய கட்டுறது இன்னும் ஜூன் மாச நோட்டு வியாபாரம்தான், அந்தச் சுவரு என் ஆசைக்கு.

சென்னையில சில கடைங்கள்ல 31 ராத்திரி கடையத் தொறந்து வச்சி, எழுத்தாளருங்கள கூப்ட்டு, கேக்கு வெட்டி, 12 மணிக்கு கழிவு போட்டு விக்கிற போட்டோ வருஷா வருஷம் பாக்குறேன், பாக்குறப்பல்லாம் வயித்தெரிச்சல். வர்ற புத்தாண்டுக்கு நாமளும் ஒண்ணு செஞ்சா என்னன்னு தோணுது. கையில 5,000 ரூபா, கடை வாசல்ல போட 20 சேர், ஒரு மைக்கு, இவ்ளோதான் முதல். எழுத்தாளர கூப்ட்டா வண்டி சத்தத்துக்கே அது பத்தாது.

இன்னொண்ணு, கடை வாசல்ல ஒரு போர்டு இருக்கு, 'இந்த வருஷம் இதப் படிங்க'ன்னு அதுல எழுதிப் போடணும். போன மார்கழியில எழுதுனப்ப வித்தது கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் மட்டும்தான், மத்தது அப்படியே சுவத்துலதான் நிக்கிது. என்ன எழுதலாம், என்ன செய்யலாம், சொல்லுங்க.

---

வடவாறு:

தம்பி, நான் வடுவூர் பக்கம், விவசாயம். நீ கேட்டதுல மொத கேள்விக்கு மட்டும் சொல்றேன், 31 ராத்திரி வேணாம்.

நம்மூர்ல மார்கழிப் பனியில 12 மணிக்கு முழிச்சிருக்கிறது யாரு? சர்ச்சுக்குப் போறவங்க, பைக்க முறுக்கிக்கிட்டு சுத்துற பயலுவ, அவனுவள மறிச்சி நிக்கிற போலீஸ்காரங்க. இதுல புக்கு வாங்க யாரு வருவா. நானே வரணும்னு நெனச்சாலும் கடைசி பஸ்ஸ விட்டா எப்படி வீடு திரும்புறது. அதையும் விடு, காசு எங்க இருக்கு? சம்பா இன்னும் வயல்ல நிக்கிது, அறுத்து கொள்முதல் நிலையத்துல கொட்டி வச்சி, ஈரம் இருக்குன்னு சொன்னா திரும்பவும் காய வச்சி, மூட்டைய காவல் காத்து, பணம் பேங்குல ஏர்றதுக்குள்ள தை முடிஞ்சி மாசியே வந்துரும். ஜனவரி 1ந் தேதி எங்க வீட்டுல எல்லாம் கடன்காரன் கணக்குதான் புது வருஷம்.

சென்னையில அது வேற, அங்க மாசச் சம்பளம் வாங்குறவங்க கூட்டம், ஜனவரியில புத்தகக் கண்காட்சியும் சேந்து வருது. நம்மூர்ல நெல்லு காசா மாறுனாதான் புத்தகத்துக்கு வரும். நீ பொங்கலுக்கு வைய்யி. திருப்பூர், சென்னைன்னு போன புள்ளைங்க எல்லாம் அப்பதான் ரயில்ல வந்து காலையில எறங்குது, மாட்டுப் பொங்கல் சாயந்தரம் பண்றதுக்கு ஒண்ணும் இல்லாம தெப்பக்குளத்த சுத்திச் சுத்தி வருது, கையில காசும் இருக்கும். அந்தக் கூட்டத்த புடி.

டிசம்பர்ல எதாச்சும் செஞ்சே ஆவணும்னா 30ந் தேதி செய். இயற்கை விவசாயம் பேசுன நம்மாழ்வார் 2013ல செத்துப் போனது அன்னிக்குத்தான், அதுவும் நம்ம பட்டுக்கோட்டை பக்கம் பிச்சினிக்காட்டுல, மீத்தேன் எடுக்குற திட்டத்துக்கு எதிரா ஊர் ஊரா பேசிட்டு இருந்தப்ப. அன்னிக்கு ஒரு மேசையில வேளாண்மை புத்தகம் மட்டும் போட்டு வை, பாரம்பரிய நெல்லு, மண்ணு, பூச்சின்னு எது கெடைக்குதோ அது. கதப் புத்தகத்த தொடாத ஆளுங்க கூட அந்த மேசைக்கு வருவாங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழாவுக்கு வர்ற கூட்டத்த நான் பாத்துருக்கேன், அதான் சொல்றேன்.

---

டெல்டா வாசகி:

அண்ணன் சொன்ன அந்த கடைசி பஸ் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. ராத்திரி 12 மணி நிகழ்ச்சின்னா பொம்பளைங்க வர மாட்டாங்க, வர முடியாது. உங்க கடையில கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் யாரு வாங்குனாங்க? நாங்கதான். வாங்குற ஆள வெளில நிறுத்திட்டு எழுத்தாளர் கூட செல்ஃபி எடுக்குற பத்து பசங்கள வச்சி என்ன பண்ணப் போறீங்க.

எனக்கு என்னவோ பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு தோணுது. ஜனவரி 1 காலையில கோயிலுக்கு எம்புட்டு கூட்டம் வருது, கும்பகோணத்துல தெருவுல நடக்க முடியாது, உங்க ஊர்ல ராஜகோபாலசாமி கோயில் இருக்கு, கேக்கவே வேணாம். சாமி கும்புட்டு வெளில வந்தா புது வருஷத்துக்கு எதாச்சும் நல்லதா ஆரம்பிக்கணும்னு ஒரு மனசு இருக்கும், அந்த ஒரு மணி நேரம்தான். 10 மணிக்கு வைங்க, 12க்கு முடிச்சிடுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போயி சமைக்கணும்.

என்ன செய்யலாம்னா, ஒரு கதைய வாய்விட்டு வாசிங்க, அவ்ளோதான். தி.ஜானகிராமனோட 'பாயசம்' எடுத்துக்கோங்க. அண்ணன் மகன் நல்லா இருக்கானேன்னு வயிறு எரிஞ்சி, கல்யாண வீட்டுல பந்திக்கு வச்சிருந்த பாயசத்த ஒரு பெரியவரு கவுத்து விட்டுடுற கத. கால் மணி, இருபது நிமிஷத்துல வாசிச்சிடலாம், நம்ம பக்கத்துக் கல்யாண வீடு அப்படியே கண்ணு முன்னாடி வரும். வாசிச்சு முடிச்சதும் வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம் குடுங்க. உங்க 5,000த்துல பால், சேமியா, முந்திரி எல்லாம் போக மிச்சமும் இருக்கும்.

தயவுசெஞ்சு மேடை, பொன்னாடை, வரவேற்புரை வேணாம். நான் போன ஒரு இலக்கியக் கூட்டத்துல வரவேற்புரை மட்டும் 40 நிமிஷம், புத்தகத்தப் பத்தி பேச வந்தவருக்கு 10 நிமிஷம், என் பொண்ணு தூங்கியே போயிட்டா. அதுலேந்து கூட்டம்னாலே வர மாட்டேங்குறா.

சின்னப் புள்ளைங்களுக்கு நான் சொல்றது ரெண்டு. 'குட்டி இளவரசன்', பிரெஞ்சுலேந்து நேரா தமிழுக்கு வந்தது. அப்புறம் 'டோட்டோ சான்', ரயில் பெட்டியில பள்ளிக்கூடம் நடக்குமே அது. என் வகுப்புல இத வாசிச்சுக் காட்டுன பிறகு மூணு பிள்ளைங்க நம்ம பள்ளிக்கூடத்துக்கும் ரயில் பெட்டி வாங்குங்க டீச்சர்னு வந்து நின்னுச்சுங்க. புத்தகத்த கண்ணாடிக்குப் பின்னாடி வைக்காதீங்க, புள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல கீழ் தட்டுல வைங்க, நாலு அழுக்காகும், பரவால்ல.

---

அரசலாறு:

போர்டு விஷயத்துக்கு வரேன். மன்னார்குடிக்காரரே, நீங்க எங்கயும் தேடவே வேணாம், தி.ஜா பொறந்த தேவங்குடி உங்க ஊருக்குப் பக்கத்துலதான், 1921. போர்டுல மேல 'நம்ம ஊர்க்காரங்க'ன்னு எழுதுங்க, கீழ 'மோகமுள்', 'அம்மா வந்தாள்', எழுத்தாளர் சிட்டியும் அவரும் சேந்து காவேரி போற வழியெல்லாம் போயி எழுதுன 'நடந்தாய் வாழி காவேரி'. ஆத்துல குளிச்சி வளந்தவன் ஒவ்வொருத்தன் வீட்லயும் அந்த பயணப் புத்தகம் இருக்கணும், இல்ல. எங்க கும்பகோணத்து ஆளுங்க கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, எம்.வி.வெங்கட்ராம். எம்.வி.விக்கு 1993ல 'காதுகள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி கெடச்சுது, ஆனா புதுசா படிக்கிறவங்களுக்கு 'வேள்வித் தீ' குடுங்க, சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்துக் கத, தறி சத்தம் காதுல விழும்.

ஆனா வருஷத்துக்கு ஒரே ஒரு புத்தகம்னு கேட்டா நான் உ.வே.சாவோட 'என் சரித்திரம்'தான் சொல்லுவேன். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரு, மாயவரத்துல மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டது, திருவாவடுதுறை மடத்துச் சாப்பாடு, மாட்டு வண்டி, எல்லாம் நம்ம மண்ணு. அதுல ஒரு எடம் வரும், 1880, கும்பகோணம் காலேஜ்ல அப்பதான் வேலைக்குச் சேந்திருக்காரு, ஊருக்கு முன்சீப்பா, அதாவது கோர்ட்டு நீதிபதியா வந்த சேலம் ராமசாமி முதலியார போயி பாக்குறாரு. என்ன படிச்சிருக்கீங்கன்னு அவரு கேக்க, இவரு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கிட்டே போறாரு. அவரு முகத்துல ஒரு அசைவும் இல்ல. அதெல்லாம் சரி, பழைய நூலு, சிந்தாமணி, சிலப்பதிகாரம் படிச்சதுண்டான்னு கேட்டுட்டாரு. அந்த ஒரு கேள்வியிலேந்துதான் ஏடு தேட ஆரம்பிச்சி 1887ல சிந்தாமணி அச்சுல வருது. புத்தாண்டுக்கு புத்தகம் சிபாரிசு பண்றோம்னு இத்தன பேரு கெளம்பிருக்கோம், அந்த முன்சீப்பு பண்ண மாதிரி ஒரு சிபாரிசு யாரும் பண்ணல. புத்தகம் தடியா இருக்கும், பயப்படாதீங்க, பத்திரிகையில தொடரா வந்தது, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்னு போனா வைகாசிக்குள்ள முடிஞ்சிரும்.

---

கீழத்தெரு:

நல்ல லிஸ்ட்டு அரசலாறு சார், ஆனா படிச்சா டிகிரி காபி வாசனை மட்டும்தான் வருது. டெல்டான்னா வெத்தலச் செல்லமும் சங்கீதமும் மட்டும்தானா? நாத்து நட்டவங்க கத எங்க?

டிசம்பர் 25, 1968, கீழ்வெண்மணி, ஒரு குடிசைக்குள்ள 44 பேர எரிச்சிட்டாங்க. கூலி கேட்டதுக்கு. புத்தாண்டுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடி. உங்க ஊர்லேந்து எவ்ளோ தூரம் இருக்கும் தெப்பக்குளத்தான்? அந்த வாரத்துல ஒரு புத்தகக் கடை போர்டு எழுதுறப்ப அந்தச் சம்பவத்த வச்சி சோலை சுந்தரபெருமாள் எழுதுன 'செந்நெல்' அதுல இல்லன்னா அந்த போர்டு எதுக்கு. இந்திரா பார்த்தசாரதியோட 'குருதிப்புனல்' 1977லயே சாகித்ய அகாதமி வாங்குனதுதான், அதையும் வைங்க, ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சிட்டு வந்து சண்டை போடுவோம், எனக்கு 'குருதிப்புனல்' மேல கோபம் உண்டு, அத இங்க ஆரம்பிச்சா பேச்சு வேற பக்கம் போயிரும். தஞ்சை ப்ரகாஷ் 'கரமுண்டார் வூடு', சி.எம்.முத்து 'கறிச்சோறு', இதுல பேசுற பேச்சுதான் எங்க தெருவுல பேசுற பேச்சு. எங்க அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிக்கும், அதுக்கு 'செந்நெல்' நாலு பக்கம் வாசிச்சுக் காட்டுனேன், இதுல இருக்குற மாதிரிதாண்டா பேசுவோம்னு சொல்லி நிறுத்தச் சொல்லிருச்சு. அதுக்கு மேல வேணாம்னுச்சு.

---

அரசலாறு:

நீங்க சொல்றது சரி, விட்டது தப்புதான். 'கரமுண்டார் வூடு' நானே ரெண்டு வாட்டி படிச்சிருக்கேன், ஆனா லிஸ்ட்டுன்னு போட உக்காந்தா கை என்னவோ பழக்கதோஷத்துல அந்தப் பத்து பேரத்தான் எழுதுது. தி.ஜாவ எடுக்கச் சொன்னீங்கன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன், பக்கத்துல வைங்க.

---

கல்லாப்பெட்டி:

மயிலாடுதுறை பக்கம் நானும் இதே தொழில்தான், சின்ன கடை. இலக்கியம் நீங்க எல்லாம் பேசிட்டீங்க, கணக்கு யாரும் பேசல.

தம்பி, கழிவு குடுக்குறதுல கைய சுட்டுக்காத. பதிப்பகத்துல எனக்குக் கெடைக்கிறது 30 சதவீதம், சிலது 25. அதுல லாரி ஆபீஸ் கூலி, கரண்டு, வாடகை எல்லாம் போகணும். கண்காட்சியிலயே 10 சதவீதம்தான் குடுக்குறாங்க, நீ 20 போட்டேன்னா சும்மா எடுத்துக் குடுத்த கணக்கு. விக்காத புத்தகத்த திருப்பி எடுத்துப்பாங்களான்னு ஃபோன்ல பேசிட்டு அப்புறம் ஆர்டர் போடு, ஒரு வருஷம் நான் பேசாம எறக்கிட்டு இப்பவும் அந்தக் கட்டு மேலே பரண்ல இருக்கு.

நான் பண்றது புத்தகச் சீட்டு. நகைக்கடைச் சீட்டு மாதிரியேதான், மாசம் 200, பத்து மாசம், கடைசியில 2,000த்துக்கு புத்தகம் எடுக்கலாம், நான் மேல 200 ரூபாய்க்கு போட்டுக் குடுப்பேன். மொத வருஷம் 11 பேரு சேந்தாங்க, பாதிப் பேரு டீச்சருங்க. நல்லது என்னன்னா, எந்த புத்தகம் வேணும்னு மாசா மாசம் வர்றப்ப அவங்களே சொல்லிருவாங்க, நீ கண்ண மூடிக்கிட்டு வாங்கிப் போட வேணாம். ஜனவரி 1ந் தேதி மொத தவணை வாங்கு, விவசாயக் குடும்பத்துக்கு மாசியிலேந்து ஆரம்பி, வடவாறு அண்ணன் சொன்ன காசுக் கஷ்டமும் தீந்துரும்.

---

தெப்பக்குளத்தான்:

இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல, ரொம்ப சந்தோஷம். ராத்திரி கடை தொறக்குறத விட்டுட்டேன், எங்க அப்பாவுக்குத்தான் நிம்மதி. 30ந் தேதி வேளாண்மை மேசை, 1ந் தேதி காலை 10 மணிக்கு வாசிப்பு, மாட்டுப் பொங்கல் சாயந்தரம் சின்னதா இன்னொண்ணு, வாசகி மேடம் சொன்ன மாதிரி மேடை கிடையாது. சீட்டு போட எங்க தெருவுல ரெண்டு பேரு இப்பவே சரின்னுட்டாங்க, ஒண்ணு எங்க அத்தை, அது கணக்குல வருமா தெரியல.

போர்டுல இன்னிக்கே எழுதிட்டேன். மொத வரியில 'செந்நெல்', ரெண்டாவது 'என் சரித்திரம்', மூணாவது 'டோட்டோ சான்'. கீழ எடம் மிச்சம் இருந்துச்சு, கோலப் புத்தகம் உண்டுன்னு எழுதி வச்சிருக்கேன், வாடகை கட்டணும்ல.

இப்ப ஒரே ஒரு பிரச்சினைதான், 60 பேருக்கு பாயசம் வைக்க வீட்டுல பாத்திரம் இல்ல. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் யாராச்சும் ஒரு பெரிய தவலை ஒரு நாளைக்கு இரவல் குடுப்பீங்களா? 1ந் தேதி சாயந்தரமே தேச்சிக் கழுவி வீட்டுல கொண்டாந்து குடுத்துடுறேன்.

---

டெல்டா வாசகி:

எங்க சித்தப்பா வீடு நீடாமங்கலத்துலதான், கேட்டுப் பாக்குறேன். கதைய மொதல்ல அவருக்குக் குடுத்துடாதீங்க, தவலைய எதுக்கு கேக்குறோம்னு சந்தேகம் வந்துரும்.