ஐசி50-க்குத் தமிழ்ச் சொல்: தடுப்பா, ஒடுக்கமா, முடக்கமா?

வணக்கம். கடலழிஞ்சில் வேர், நாவற்கொட்டை போன்றவற்றின் சாரம் நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனையில், மாவுப்பொருளைக் குடலில் சர்க்கரையாக்க உதவும் ஆல்பா குளுக்கோசிடேஸ் நொதியின் வினையை அது எவ்வளவு குறைக்கிறது என அளக்கிறோம். வினை சரிபாதியாகும் புள்ளிதான் ஐசி50. இதைப் ‘பாதித் தடுப்பளவு’ எனலாமா?

———

ஐயா, வணக்கம். ‘அளவு’ வேண்டாம். மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம் சாரமுள்ள கரைசலில் 20 மைக்ரோலிட்டர் எடுத்துச் சோதனைத் தட்டின் குழியில் விடுகிறோம். தாங்கல் கரைசல், நொதி, தளப்பொருள் (நொதி வினைபுரியும் பொருள்) எல்லாம் சேர்ந்து 200 மைக்ரோலிட்டர் ஆகிறது. குழிக்குள் இருப்பது மி.லி.க்கு 100 தான். இதை 1000 என்றே எழுதிவிட்டால் முடிவு பத்து மடங்கு பிசகும். ‘செறிவு’ என்று சொன்னால் ‘எதில்?’ என்ற கேள்வி தானே எழும். விலங்குக்கு உடல் எடைக் கணக்கில் கொடுப்பதற்கு ‘அளவு’ இருக்கட்டும்.

‘தடுப்பு’ இன்னும் ஆபத்து. தடுப்பூசி, தடுப்பு மருந்து என்று பழகியவர், நாவற்கொட்டை நீரிழிவு வராமல் பாதி தடுக்கும் என்றே எடுத்துக்கொள்வார். நடப்பதோ குழிக்குள் ஒரு நொதியின் வேகம் குறைவது மட்டும். ஆகவே ‘அரையொடுக்கச் செறிவு’. ‘அரைவாழ்வுக்காலம்’ ஏற்கெனவே புழங்குவதால் ‘அரை’ உறுத்தாது.

———

அம்மா, ‘செறிவு’ சரி. ஆனால் ‘ஒடுக்கம்’ ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்குப் போய்விட்டதே! தாவரச் சாரத்தில் பாலிபீனால்கள் நிறைய. அவற்றின் ஒடுக்கும் திறனையும் அதே கட்டுரையில் எழுத வேண்டிவரும். ‘அரைவேகச் செறிவு’ என்றால் மைக்கேலிஸ் மாறிலியோடு குழம்பும். அதுவும் நொதி பாதி வேகத்தில் ஓடும் தளப்பொருள் செறிவுதான்.

‘அரைமுடக்கச் செறிவு’ எப்படி? முடங்கியது மீளாது என்ற பொருளும் வராது. பொதுமுடக்கம் நீங்கத்தானே செய்தது. முடக்கும் பொருள் ‘நொதிமுடக்கி’.

———

நல்ல சொல் ஐயா, இதையே வைத்துக்கொள்வோம். ஆனால் வரையறையில் தளப்பொருளின் செறிவையும் நொதியின் மூலத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். தளப்பொருளோடு போட்டியிடும் முடக்கியானால், தளப்பொருள் கூடக்கூட அரைமுடக்கச் செறிவும் ஏறும். ஈஸ்ட் நொதியை அகார்போஸ் என்னும் நீரிழிவு மருந்து மிகக் குறைவாகவே முடக்கும். பாலூட்டிகளின் குடல் நொதியைச் சிறு செறிவிலேயே முடக்கிவிடும். ஈஸ்டில் மட்டும் சோதித்துவிட்டு ‘அகார்போஸை விடச் சிறந்தது’ என்று எழுதுவது நோயாளிகளைத் தவறான பக்கம் திருப்பும்.

தாவரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து வீழ்படிவாக்கும். அதுவும் முடக்கம் போலவே தெரியும். குழி கலங்கினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். தளப்பொருளை நொதி உடைக்கும்போது வெளிவரும் நைட்ரோபீனாலின் மஞ்சளை 405 நானோமீட்டரில் படிக்கும்போது சாரத்தின் பழுப்பும் சேர்ந்துவிடும், முடக்கம் குறைவாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் நொதி விடாத குழி தனியே வேண்டும்.

உச்சச் செறிவான 500-இலும் முடக்கம் 38 விழுக்காடுதான் என்றால் கோட்டை நீட்டி எண் கண்டுபிடிக்கக் கூடாது. ‘அரைமுடக்கச் செறிவு மி.லி.க்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல்’ என்று எழுதினால் போதும்.