ஆறு இடம் விட்டு எழுதுகிறவர்கள்

பழைய நிரல்மொழிகளில் பழகியவர்கள் இன்று பைதான் என்ற புதிய மொழியில் எழுதினாலும் கை காட்டிக் கொடுத்துவிடும். நான் பழகிய சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஆலோசகராக வந்த ஒரு சிவில் பொறியாளர், பணி ஓய்வு வரை ஃபோர்ட்ரானிலேயே கட்டமைப்புக் கணக்கு போட்டவர். எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஸ்பேஸ் பாரை ஆறு முறை தட்டிவிட்டுத்தான் முதல் எழுத்தை அடிப்பார். பைதானில் வரித் தொடக்கத்து இடைவெளிக்கும் பொருள் உண்டு, அதனால் முதல் வரியிலேயே பிழை காட்டும். முணுமுணுத்துக்கொண்டே அழிப்பார். "ஏன் சார் இப்படி?" என்று கேட்டால், "ஏழுலதானேப்பா ஸ்டேட்மென்ட் ஆரம்பிக்கணும்" என்பார்.

1957-இல் ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது நிரலைத் துளை அட்டையில்தான் கொடுக்க வேண்டும். அட்டையில் 80 இடங்கள். முதல் ஐந்து வரி எண்ணுக்கு, ஆறாவது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்ட, 7 முதல் 72 வரை கட்டளை. கடைசி எட்டை அந்தக் கணினியின் அட்டை வாசிப்பான் படிக்கவே படிக்காது, ஒரு வரிசைக்கு 36 பிட் 'சொற்கள்' (கணினி ஒரே மூச்சில் எடுக்கும் அளவு) இரண்டு, அதாவது 72 இடங்களோடு சரி. மிஞ்சிய எட்டில் அட்டைக்கு வரிசை எண் போட்டுக்கொண்டார்கள். அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் அடுக்க வேண்டுமே! எண் போடச் சோம்பல்பட்டவர்கள் கட்டின் விளிம்பில் மார்க்கரால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவார்களாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பொறியாளர் மாறிகளுக்கு (மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு) வைக்கும் பெயர்கள். எண்ணிக்கைக்கு 'கவுன்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் சி-க்குப் பதில் கே போடுவார். நிறைக்கு 'எக்ஸ்மாஸ்'. எங்கள் ஜூனியர் பையன்கள் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள். மனிதருக்கு வந்ததே கோபம்! ஃபோர்ட்ரானில் அறிவிக்காத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையுள்ள எழுத்தில் தொடங்கினால் முழு எண், மற்றவை தசம எண். 'மாஸ்' எம்மில் தொடங்குவதால் அப்படியே விட்டால் தசமம் போய்விடும். அதனால்தான் முன்னால் ஓர் எக்ஸ். அவர் பெயர்களை அப்படியே விட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. யாருக்கு என்ன நஷ்டம்?

நிரலை வாய்விட்டுப் படிக்கும்போது "கமா, கமா" என்று அழுத்தியும் சொல்வார். பழைய ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கணக்கில் எடுக்காது. 'டூ 10 ஐ = 1,10' என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சுழற்சிக் கட்டளை. கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்தால் 'டூ10ஐ' என்றொரு மாறிக்கு 1.10 மதிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது.

அப்புறம், ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதால் வந்த 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக, வணிகக் கணக்குக்கான கோபோல் (COBOL) மொழி நிரல்களைத் திருத்திய ஓர் அக்கா. அவருக்குப் புள்ளிதான் எதிரி. 1985 தரம் வரும்வரை அந்த மொழியில் 'எண்ட்-இஃப்' கிடையாது, முற்றுப்புள்ளிதான் நிபந்தனையை முடிக்கும். தப்பான இடத்தில் ஒன்று விழுந்தால் யாருக்கோ வட்டி மாறிப்போகும். அதனால் புள்ளியைத் தனி வரியில் ஒற்றையாக வைப்பார், கண்ணில் படட்டும் என்று. இன்றும் அவர் அனுப்பும் வாட்ஸாப் செய்தியில் முற்றுப்புள்ளியே இருக்காது.

வரிக்கு வரி எண் போட்டு எழுதும் பேசிக் மொழி ஆட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் பிபிசி மைக்ரோ கணினியில் படித்த என் சித்தப்பா மகன் மளிகைப் பட்டியலுக்குக்கூட 10, 20, 30 என்றுதான் எண் போடுவான். மறந்துபோனதை இடையில் செருகத்தான் அந்த இடைவெளி; நடுவில் 15-ஆகப் பெருங்காயம் வரும்.

ஏபிஎல் என்ற இன்னொரு பழைய மொழியில் எழுதியவர்களோடு பழகியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த விசித்திரக் குறிகள் கொண்ட விசைப்பலகையை நான் நேரில் பார்த்ததே இல்லை.