தடிமனோட மாங்குளம் – முல்லைத்தீவு சுத்து: ஓடலாமா, விடலாமா?

ஓமந்தைச்சில்லு (கேள்வி, வெள்ளி காலமை)
நாளைக்குச் சைக்கிளில வவுனியாவில வெளிக்கிட்டு மாங்குளம், ஒட்டுசுட்டானால முல்லைத்தீவு. இரவு அங்க தங்கி, ஞாயிறு புதுக்குடியிருப்பு, பரந்தன் பக்கத்தால கிளிநொச்சி. பிறகு பஸ். புதனில இருந்து மூக்கடைப்பு, தொண்டை நோ. நேற்று இரவு உடம்பு சுட்டது. ரெண்டு பனடோலோட விட்டிட்டுது. இருமல் இல்லை. ரயர் 700×32, 750 மில்லி போத்தல் ரெண்டு. ஓடலாமா? ஓடினா என்ன மருந்து கொண்டுபோறது?

மருந்துப்பெட்டி
பனடோலுக்கு அடங்கின காய்ச்சல் விட்ட காய்ச்சல் இல்லை. கடைசிக் குளிசை போட்டு ஆறு மணித்தியாலம் கழிஞ்ச பிறகுதான் தேர்மோமீற்றர் உண்மை சொல்லும். நாளைக்குக் காலமை தேத்தண்ணி குடிக்க முதல் வாயில வைச்சுப் பாருங்கோ. 37.5க்கு மேல எண்டா சைக்கிளைத் தொடவேண்டாம். படுக்கையில இருந்து எழும்ப முதல் நாடியையும் 30 செக்கன் எண்ணி ரெண்டால பெருக்குங்கோ. வழமையிலும் 10 கூடினாலும் அதே பதில்தான். வைரஸ் காய்ச்சலோட இழுத்து மிதிச்சா இதயத்தசையில அழற்சி வரலாம். சும்மா களைப்பெண்டு அதை விட்டிடுவினம்.

மூக்கு, தொண்டை மட்டும் எண்டா மெல்லமா ஓடலாம். நெஞ்சுச்சளி, உடம்பு உளைவு, வயித்தோட்டம் இதில ஒண்டு இருந்தாலும் இல்லை.

மருந்து: பரசிற்றமோல் (பனடோல்தான்) 500 மில்லிகிராம் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்தில எட்டுக்கு மேல இல்லை. அதுவும் ஓட்டம் முடிஞ்ச பிறகு, நோவுக்கு. குளிசை போட்டிட்டு ஓடுறது காய்ச்சலை உங்களுக்கே ஒளிக்கிற வேலை. மூக்கொழுகலுக்குப் பிரிட்டன் குளிசை (குளோர்பெனிரமின்) போட்டா நித்திரை தூங்கும். ஏ9 பெருந்தெருவில பின்னால பஸ் வரேக்க அது வேண்டாம். வேணுமெண்டா இரவில போடுங்கோ.

வயற்கரை
மேல சொன்னது சரி, ஆனா மாசத்தைப் பாருங்கோ. தை மாசம், மழை விட்டு வெயில் எறிக்குது, டெங்கு நேரம். வியாழன் இரவு காய்ச்சல் தொடங்கியிருந்தா சனி மூண்டாம் நாள். இரத்தம் சோதிக்கவேண்டிய நாளில நீங்கள் ஒட்டுசுட்டான் காட்டுக்க நிப்பீங்கள். டெங்கில காய்ச்சல் இறங்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டு மிதிக்கிறவைக்கு அது தெரியாது. விடாத வயித்து நோ, திரும்பத் திரும்பச் சத்தி, முரசில இரத்தம், ஆறு மணித்தியாலமா சலம் போகாமை: இதில ஒண்டு வந்தாலும் உடன ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் 1990, காசில்லை.

புரூபன் (ஐபுபுரோபன்), டைக்குளோபினக், அஸ்பிரின் எண்ட நோக்குளிசை ஒண்டும் பையில இருக்கக்கூடாது. டெங்கெண்டா இரத்தப்போக்கைக் கூட்டும். டெங்கு இல்லாட்டியும் தண்ணி வத்தின உடம்பில புரூபனும் டைக்குளோபினக்கும் சிறுநீரகத்தைத் தாக்கும். வன்னியில ஏற்கனவே சிறுநீரக வருத்தம் காணும்.

எலிக்காய்ச்சலையும் மறக்கவேண்டாம். கெண்டைக்கால் நோ அதின்ர முக்கிய குணம். ஓடினதால வந்த நோ எண்டு சைக்கிள்காரர் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பினம். கண்ணும் சிவந்து காய்ச்சலும் இருந்தா, வெள்ளத்துக்க கால் வைச்சதை டொக்டருக்குச் சொல்லுங்கோ. காலில கீறல் இருந்தா வயல் வழிய தேங்கிற தண்ணிக்க சைக்கிளை உருட்டாதேங்கோ.

கச்சான்கடை
உடம்பு ஓமெண்டு சொன்னாலும் இந்தப் பாதை பிழை. இப்ப வாடைக்காற்று, வடகிழக்கால வரும். வவுனியாவில இருந்து வடக்கயும் முல்லைத்தீவுக்குக் கிழக்கயும் ஓடினா சனி முழுக்கக் காற்று முகத்துக்கு நேர. மாங்குளம் மட்டும் ஏறத்தாழ 45 கிலோமீற்றர், அங்கால முல்லைத்தீவுக்கு 49. அந்த 49இல காடு கனக்க, கடை குறைவு, யானையும் இருக்கு. ஏலாமப் போனா நடுவில நிக்கிறதுதான்.

திருப்பிப் போடுங்கோ. சைக்கிளோட கிளிநொச்சிக்கு பஸ்ஸிலயோ ரயிலிலயோ போய், அங்க இருந்து ஏ9ஆல தெற்க இறங்குங்கோ. ஏறத்தாழ 76 கிலோமீற்றர், காற்று பின்பக்கத்தால. முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் எண்டு கடைகள் வரும், பஸ்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். மாங்குளத்தில ஆதார வைத்தியசாலை இருக்கு. அங்க ஒருக்கா இறங்கி யோசியுங்கோ: மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் கதைக்க ஏலாட்டி ஓட்டம் அதோட முடிஞ்சுது. (முறிகண்டிப் பிள்ளையாரடியில எப்பிடியும் நிப்பீங்கள். கச்சானை வாங்கிப் பையில வையுங்கோ, தொண்டை நோவோட கொறிக்கவேண்டாம்.)

நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் வேர்த்த பெனியனை மாத்துங்கோ. ஈர உடுப்பில வாடை பட்டா ரெண்டு நிமிசத்தில நடுக்கம் பிடிக்கும். பிறகு காய்ச்சலா குளிரா எண்டு உங்களுக்கே தெரியாது.

ஓமந்தைச்சில்லு
சரி, முல்லைத்தீவை விட்டாச்சு. காலமை தேர்மோமீற்றர் சரியெண்டா கிளிநொச்சியால இறங்கிறன். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) ஒரு பக்கற்றை ரெண்டு போத்தலுக்கும் பிரிச்சுப் போடலாமா? ரயிலில சைக்கிள் ஏத்துவினமோ?

மருந்துப்பெட்டி
பிரிக்காதேங்கோ. ஒரு பக்கற் சரியா ஒரு லீற்றருக்கு. 750இல கரைச்சா உப்புக் கூடி வயித்தைப் பிரட்டும், ரெண்டு போத்தலுக்குப் பிரிச்சா 1500, தண்ணி மாதிரிப் போயிடும். கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றர் போத்தலில கரைச்சு, அதில இருந்து ஊத்துங்கோ. மற்றதில வெறுந்தண்ணி. கரைச்சதை 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்கக்கூடாது. போத்தல் வாயைச் சுடுதண்ணியில கழுவுங்கோ, கூட வாறவைக்குக் குடுக்கவேண்டாம்.

கச்சான்கடை
ரயிலில பார்சலாகப் பதியவேண்டும், எல்லா வண்டியிலயும் ஏத்தாயினம். இண்டைக்கே ஸ்ரேசனில கேளுங்கோ. பஸ் எண்டா சாதாரண பஸ்தான் தோது. முன்சில்லைக் கழட்டிச் சட்டத்தோட கட்டி, செயின் பக்கம் மேல வரக் கிடத்துங்கோ. பஸ்ஸும் ஏத்தாட்டி சந்தியில நிக்கிற பட்டா (சின்ன லொறி) காரரிட்டக் கேளுங்கோ.