புதுப்பிப்பு: பயர்பாக்ஸ் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தியாச்சு, ஆனால்…

வீட்டில் இணையம் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். அதனால் பயர்பாக்ஸ் பிரவுசர் தானாக அப்டேட் ஆவதை நிறுத்த வழி கேட்டிருந்தேன். முதலில் பாலிசி கோப்பு (நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் பயர்பாக்ஸைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் கோப்பு) ஒன்றை எழுதி அப்டேட்டை மொத்தமாக முடக்கிவிட்டேன். "உங்கள் நிறுவனம் அப்டேட்டை முடக்கியுள்ளது" என்கிற மாதிரி ஒரு வரி வந்தது. நிறுவனமா? இருப்பது நானும் மனைவியும் மகளும்தான்!

அப்புறம் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். நேற்று பார்த்தால் ஆறு பதிப்புகள் பின்தங்கியிருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு போச்சு. தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், அப்டேட் வந்தால் சொல்லிவிட்டு நிறுவுவதை நம்மிடமே விடும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டேன். விண்டோஸில் அந்தத் தேர்வு எல்லாப் பயனர் கணக்குக்கும் சேர்த்தே பொருந்தும், எனவே மகளின் கணக்கில் தனியாக மாற்ற வேண்டியதில்லை.

அறிவிப்பு வந்தால் இரவில் மிச்சமிருக்கும் டேட்டாவில் இறக்கிக்கொள்கிறேன். அடிக்கடி மாறுவதே பிடிக்காதவர்கள் பயர்பாக்ஸின் இஎஸ்ஆர் (ESR, நீண்டகால ஆதரவு) பதிப்பைப் பாருங்கள். வசதிகள் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.